மாடி அறையில் ஒரு கடல் குரல்!

"உன் மெஷினை ஒரு பத்து நிமிஷம் நிறுத்தக் கூடாதா?"

"நிறுத்தலாமே! நாற்காலியில வாயைத் திறந்துட்டு இருக்கிற ஆள்கிட்ட, 'அப்படியே இருங்க, என் வீட்டுக்காரர் எங்கேயோ போற கப்பலுக்கு யாரோ சொல்ற சேதியை ஒட்டுக் கேக்குறார்'னு சொல்லட்டுமா?"

"ஒட்டுக் கேக்கலை டாக்டரம்மா. அது எல்லாருக்கும் பொதுவா சொல்றது. எங்கே விளக்கு அணைஞ்சிருக்கு, எங்கே உடைஞ்ச படகு மிதக்குது... கேட்டவன் பிழைச்சான்!"

"நமக்குக் கப்பல் இருக்கா? கடலாவது இருக்கா?"

"அதானே சுகம்! கடலே இல்லாத ஊர்ல உக்காந்துக்கிட்டு அத்தனை தூரத்துக் குரலைப் பிடிக்கிறேனே!"

"என் டிரில் இரைச்சலும் சேர்ந்து விழுதாமே உங்க ரேடியோவுல? ஊர் பூரா கேக்குதோ?"

"ஊர் பூராவா? நம்ம காம்பவுண்டைத் தாண்டினா ஒண்ணும் கிடையாது. உன் மோட்டார் இரைச்சல் எனக்கு மட்டும்தான். கட்டின பாவத்துக்கு!"

பல் டாக்டருக்கு அந்தப் பேச்சு வரி பிசகாமல் நினைவிருந்தது.

பேசிய மனிதர்தான் இல்லை.

"அண்ணீ...!"

அலறல்!

டாக்டர் வெளியே ஓடினாள். வீட்டுக்கு வெளிப்புறமாக ஏறும் மாடிப்படியில், பாதி வழியில், இந்த நேரத்தில் இதுவரை மாடிப் பக்கமே வராத நாத்தனார் உறைந்து நின்றிருந்தாள். கையிலிருந்த துணிக்கூடை படி படியாக உருண்டு கீழே வந்தது.

"அண்ணி... மேல... அண்ணன் ரூம்ல... யாரோ பேசுறாங்க!"

"பயப்படாதே. அது டைமர். வெயில் இறங்கினதும் ரேடியோ தானா ஆன் ஆகும். உங்க அண்ணன் வெச்சது."

"ரெண்டு மாசமாவா ஓடுது?"

"ம்."

"பிளக்கைப் பிடுங்கிப் போட வேண்டியதுதானே அண்ணி!"

பிடுங்கலாம். கைதான் வரவில்லை.

மேலே, ஆளில்லாத அறையில், அந்தப் பெண் குரல். நிதானமாக... எழுதிக்கொள்பவர்களுக்காக நிறுத்தி நிறுத்தி. வேறு தேசத்து மொழிதான். கணவர் சொல்லிச் சொல்லி டாக்டருக்கும் அர்த்தம் பழகியிருந்தது.

'எல்லாக் கப்பல்களுக்கும்... எல்லாக் கப்பல்களுக்கும்... வடமுனை விளக்கு எரியவில்லை... எச்சரிக்கையாகச் செல்லவும்...'

டாக்டர் துணிகளைப் பொறுக்கினாள்.

அன்றைக்கும் இதே நேரம். கீழே கிளினிக்கில் ஒருவருக்குப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தாள். மேலே கணக்கு வாத்தியாரான கணவர் ரேடியோவோடு இருந்தார்.

'தொம்!'

ஓடிப்போய்ப் பார்த்தபோது கணவர் செடிகளுக்கு நடுவே கிடந்தார். மொட்டை மாடி விளிம்பில் ஏரியல் கம்பி அறுந்து ஆடிக்கொண்டிருந்தது. பிற்பாடு அவருடைய ரேடியோ சிநேகிதர்கள் அதை மறுபடி கட்டிவிட்டுப் போனார்கள்.

கம்பியைச் சரிசெய்யப் போய்த் தவறி விழுந்துவிட்டார் என்றது போலீஸ்.

ஏன் போனார்?

அதற்கும் பதில் வந்தது. துக்கம் கேட்க வந்த சிநேகிதர் ஒருவர் மெதுவாகத்தான் சொன்னார். "உங்க மெஷின் இரைச்சல் தாங்காம கம்பியைத் தள்ளிக் கட்டப் போயிருப்பான், பாவம்..."

அவ்வளவுதான்.

அன்று இறங்கிய கிளினிக் ஷட்டர் இன்னும் ஏறவில்லை. டிரில் பெடலில் டாக்டர் கால் வைக்கவில்லை.

'நான்தான் கொன்றேன்... நான்தான்...'

*

வாசலில் ஜீப்.

இன்ஸ்பெக்டர் இறங்கினார். ஆறடி உயரம், அருவா மீசை. இடது கன்னத்தில் மட்டும் ஒரு கை, முட்டுக் கொடுத்தாற்போல.

அன்று நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தவர் இவர்தான்! வாயில் பஞ்சோடு முதலில் ஓடியவரும் இவர்தான்.

"உக்காருங்க சார். டீ கொண்டு வரச் சொல்றேன்."

"வேண்டாம்!" பதறினார். "அதாவது... சூடா எதுவும் வேண்டாம். டாக்டர், நாளைக்குக் கேஸை மூடிடுறேன். விபத்துதான். அவரோட ரேடியோ கிளப் ஆளுங்க எல்லாரையும் விசாரிச்சாச்சு. பாம்புச்செவியார் மட்டும்தான் பாக்கி."

பாம்புச்செவியார்! கிளப் கொடுத்த பட்டம். உலகத்தில் எந்த மூலைக் கரை நிலையம் கப்பல்களுக்குப் பேசினாலும் அவர் வீட்டு ரேடியோவில் விழும் என்று பெயர். துக்கம் கேட்க வந்து அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப்போன சிநேகிதரும் அவரே.

"அன்னிக்குச் சாயங்காலம் ஊருக்கு அந்தக் கோடியில, தன் வீட்டுலயே இருந்தாராம். ரெக்கார்டிங் வேற இருக்காம். இங்கேயே கொண்டு வரச் சொல்லியிருக்கேன்."

"சரி சார்."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். உட்கார்ந்தார். மீசையைத் தடவினார்.

"டாக்டர்... உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்..."

"கேளுங்க."

"இல்ல... இப்போ வேண்டாம்."

இது நாலாவது தடவை! ஒவ்வொரு முறை வரும்போதும் இதே 'ஒண்ணு கேக்கணும்'. இதே விழுங்கல்.

என்னவாக இருக்கும்?

நாத்தனாருக்கு நிச்சயமாகத் தெரியும். "அண்ணி, அந்த ஆளு உங்க மேல சந்தேகப்படுறார்! பார்வையே சரியில்ல!"

*

பாம்புச்செவியார் வந்தார். நரைத்த கிராப், இஸ்திரி கலையாத சட்டை, கையில் சின்ன ரெக்கார்டர்.

"அவன் அறையிலேயே போட்டுக் காட்டுறேன் சிஸ்டர். அவன் ஆத்மா சாந்தி அடையட்டும்."

மூன்று பேரும் மாடி ஏறினார்கள்.

மேஜை மேல் ரேடியோ மெல்லிய சீழ்க்கையோடு விழித்திருந்தது. நாற்காலி முதுகில் கணவரின் சட்டை. காலரில் இன்னும் அவர் கழுத்தின் வளைவு. டாக்டர் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"இது சாதாரண நிலையம் இல்ல சார்," என்றார் பாம்புச்செவியார். கண்கள் மின்னின. "ஒரு சின்னத் தீவு. இந்தப் பக்கம் யாரும் பிடிச்சதே இல்ல! அன்னிக்கு ஒரு நாள் மட்டும் விழுந்தது. தேதி, நேரம் எல்லாம் அந்தம்மாவே சொல்றாங்க. கேளுங்க!"

பொத்தானை அழுத்தினார்.

கடல் போன்ற ஓர் இரைச்சல்... அதற்குள்ளிருந்து, நீருக்கடியிலிருந்து எழுவதுபோல் ஒரு பெண் குரல். தேதி சொன்னாள். நேரம் சொன்னாள். கணவர் விழுந்த அதே தேதி. விழுவதற்குச் சில நிமிடங்கள் முன்பு!

'எல்லாக் கப்பல்களுக்கும்... ஆளில்லாத படகு ஒன்று மிதந்து வருகிறது...'

ர்ர்ர்ர்ர்...

'...விளக்கு இல்லை...'

ர்ர்ர்ர்ர்...

டாக்டர் ரெக்கார்டர் பக்கம் குனிந்தாள்.

"நடுவுல அது என்ன சத்தம்?"

"அதுவா? பக்கத்து வீட்டு மிக்ஸி சிஸ்டர். எந்த மோட்டார் ஓடினாலும் ரேடியோவுல இப்படி விழும்."

"இன்னொரு தடவை போடுங்க."

"எதுக்கு சிஸ்டர்? மனசு கஷ்டப்படும்..."

"போடுங்க!"

போட்டார்.

டாக்டர் கண்களை மூடிக்கொண்டாள். இரைச்சல் தொடங்கியதும் அவள் உதடுகள் தானாக அசைந்தன.

"ஒண்ணு... ரெண்டு... மூணு."

இரைச்சல் நின்றது! சரியாக மூன்றில்!

மறுபடி தொடங்கியது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு."

நின்றது!

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். நெற்றியில் வியர்வை. மூன்றாவது இரைச்சல்...

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

நிற்கவில்லை!

இன்ஸ்பெக்டரின் வலது கை, அவரைக் கேட்காமலேயே, விறுக்கென்று மேலே உயர்ந்தது!

இரைச்சல் அறுந்தது.

"நாலு!" கத்தினார் இன்ஸ்பெக்டர். "அது நாலு! மூணு எண்ணினா நிறுத்திடுவேன்னு சொல்லிட்டு நாலு வரைக்கும் குடைஞ்சீங்க! நான் கையைத் தூக்கினேன்! செத்தாலும் மறக்க மாட்டேன் டாக்டர்!"

"ஆமா சார். பயப்படுறவங்களுக்கு மட்டும் மூணு மூணா எண்ணித்தான் டிரில் போடுவேன். உங்களுக்கு ஒரு தடவை தப்பிடுச்சு."

"நா... நான் பயப்படல. சரி, அது இப்போ முக்கியமில்ல." இன்ஸ்பெக்டர் பாம்புச்செவியார் பக்கம் திரும்பினார். "என்னய்யா இது?"

"மிக்ஸி சார்..."

"மிக்ஸிக்குப் பல்வலி வருமாய்யா?"

"எல்லா மோட்டாரும் ஒரே மாதிரிதான் இரையும் சார்! இந்தம்மா துக்கத்துல ஏதோ..."

டாக்டர் அங்கே இல்லை!

படிகளில் தடதடவென்று காலடி. கீழே ஷட்டர் கிறீச்சிட்டு ஏறியது. இரண்டு மாதத் துருவோடு.

மேலே இரண்டு ஆண்களும் கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

மேஜை மேலிருந்த ரேடியோ... யாரும் தொடாத ரேடியோ... திடீரென்று உறுமியது.

ர்ர்ர்ர்ர்...

ஒன்று. இரண்டு. மூன்று.

அமைதி.

ர்ர்ர்ர்ர்...

ஒன்று. இரண்டு. மூன்று.

பாம்புச்செவியாரின் கையிலிருந்த ரெக்கார்டர் தரையில் விழுந்தது. "நிறுத்தச் சொல்லுங்க... நிறுத்தச் சொல்லுங்க சார்!"

டாக்டர் மூச்சிரைக்க மேலே ஏறி அறை வாசலில் வந்து நின்றாள்.

"இந்த இரைச்சல் எங்க காம்பவுண்டைத் தாண்டாது. அவரே சொல்லியிருக்கார். ஊருக்கு அந்தக் கோடியில உங்க வீட்டுல எப்படிங்க விழுந்தது?"

இன்ஸ்பெக்டர் பாம்புச்செவியாருக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"நீங்க இந்த அறையில இருந்தீங்க. வெளிப்படி வழியா வந்தீங்க. நான் கீழே பல்லைக் குடைஞ்சுட்டு இருந்தேன். எனக்குத் தெரியல."

இஸ்திரி கலையாத சட்டைக்குள் அந்த மனிதர் நொறுங்கினார்.

"அவன் கண்டுபிடிச்சுட்டான்... நான் இதுவரைக்கும் பிடிச்சதுன்னு சொன்ன எதுவும் என் ரேடியோவுல விழுந்ததே இல்ல. வெளிநாட்டுக்காரங்க தங்களோட ரேடியோவை இன்டர்நெட்ல திறந்து விட்டிருப்பாங்க. அதுல கேட்டு, காப்பி பண்ணி, என்னுதுன்னு... இத்தனை வருஷமா... எல்லாம் திருட்டு."

"அதுக்காகவா?"

"அவன் திட்டலை சிஸ்டர்! திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். 'வீட்டுக்கு வா, என் ரேடியோவுல ஒண்ணாவது நிஜமா பிடி, அப்புறம் கிளப்புல நீயே உண்மையைச் சொல்லிடு'ன்னான். வந்தேன். அந்தத் தீவு விழுந்தது! ரெண்டு பேரும் குழந்தைங்க மாதிரி குதிச்சோம். அப்புறம் காத்து வாங்க வெளியே வந்தோம். 'யாருக்கும் சொல்லாதே'ன்னு கெஞ்சினேன். 'நீ சொல்லலைன்னா நான் சொல்வேன்'னான். தள்ளிட்டேன். கம்பியைப் பிடிச்சான்... அது அறுந்து... நீங்க எல்லாரும் செடிப் பக்கம் ஓடினப்போ நான் படியிறங்கிப் போயிட்டேன்."

டாக்டர் கதவு நிலையைப் பற்றிக்கொண்டாள். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"என் மெஷின் சத்தம்... அவருக்குத் தொந்தரவா இருந்துச்சா?"

பாம்புச்செவியார் தலை நிமிரவில்லை.

"நான்தான் எரிச்சல் பட்டேன். அவன் சிரிச்சான். 'அது என் வீட்டுக்காரி. இருந்துட்டுப் போகட்டும். அந்தச் சத்தம் விழுந்தாத்தான் கீழ அவ இருக்கான்னு எனக்குத் தெரியும்'னான்."

டாக்டர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். இரண்டு மாதமாக வராத அழுகை வந்தது. மடை திறந்தாற்போல வந்தது.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "அது டிரில்லுன்னு தெரிஞ்சுமா எங்ககிட்ட ரெக்கார்டிங்கைக் கொண்டு வந்தே?"

"இரைச்சலை எடுக்கப் பார்த்தேன் சார். எடுத்தா குரலும் சேர்ந்து போகுது. இந்தம்மாவுக்கு ரேடியோன்னாலே ஆகாது, காது கொடுத்துக் கேக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்..."

"அழிச்சுத் தொலைச்சிருக்கலாமே!"

"எப்படி சார் அழிப்பேன்?" பாம்புச்செவியார் குனிந்து, விழுந்த ரெக்கார்டரை ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்தார். "என் ஆயுசுலயே நான் நிஜமா பிடிச்சது இது ஒண்ணுதான்!"

*

இன்ஸ்பெக்டரோடு வந்த கான்ஸ்டபிள் காவலுக்கு உட்கார, பாம்புச்செவியாரை ஏற்றிக்கொண்டு ஜீப் கேட்டைத் தாண்டிப் போயிற்று.

நாத்தனார் அண்ணியின் தோளில் முகம் புதைத்திருந்தாள். "நானும் உங்களைத்தான் மனசுக்குள்ள குத்தம் சொன்னேன் அண்ணி..."

"தெரியும்டி. நீ குழம்பு வெச்ச லட்சணத்துலயே தெரிஞ்சுது."

மாடியில் குரல் மறுபடி எழுந்தது.

'எல்லாக் கப்பல்களுக்கும்... வடமுனை விளக்கு மீண்டும் எரிகிறது... முந்தைய எச்சரிக்கை ரத்து செய்யப்படுகிறது...'

டாக்டர் அண்ணாந்து பார்த்தாள். ஆளில்லாத அறை. ஆனாலும், யாரோ ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கிக் கீழே குனிந்து கேட்பதுபோல்...

"டாக்டர்!"

திரும்பினாள்.

இன்ஸ்பெக்டர்! ஜீப்பில் போகவில்லை. திறந்து கிடந்த கிளினிக் ஷட்டர் அருகே நின்றிருந்தார். இடது கன்னத்தில் கை. பார்வை தரையில்.

"ரெண்டு மாசமா கேக்கணும் கேக்கணும்னு வந்து... நீங்க இருந்த நிலைமையில எப்படிக் கேக்கிறதுன்னு தெரியாம..."

நாத்தனார் மூச்சைப் பிடித்தாள்.

"தயங்காம சொல்லுங்க சார்," என்றாள் டாக்டர்.

ஆறடி மனிதர், அருவா மீசை துடிக்க, எச்சில் விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"அன்னிக்குப் பாதியில விட்ட அந்தப் பல்லை முடிச்சு விட்டுடுங்க டாக்டர், வேற யாரும் எண்ணிப் போட மாட்டேங்குறாங்க... ஆனா ஆண்டவன் சத்தியமா, மூணோட நிறுத்திடணும்!"