ஆத்தா கொடுத்த பூ

வித்யா வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. வேட்புமனு கொடுக்க அன்றுதான் கடைசி நாள். மூன்று மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள்.

அவள் உட்காரவில்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து மேசை மேல் வைத்தாள். உள்ளே வதங்கிய வெற்றிலை. அதன்மேல் சிவப்பாக ஓர் அரளிப் பூ.

"இந்தப் பூவுல சூது இருக்குதுங்க. இல்லைன்னு நீங்க சொல்லிட்டா, பேசாம ஊட்டுக்குப் போயிர்றேன்."

அப்புசாமி ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர். நாமக்கல்லில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அவருக்கும் சேர்த்து அவசரப்படுவாள் உதவியாளர் ரஞ்சனி.

வித்யாவின் அண்ணன் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். தொகுதியைச் சுற்றிவிட்டு இரவில் திரும்புகையில், புதுச்சத்திரத்தில் நின்றிருந்த லாரியில் கார் மோதி இறந்துபோனார். இடைத்தேர்தல் வந்தது. வித்யாவும் நிற்க விரும்பினாள். சித்தப்பா தீனதயாளனும் விரும்பினார். வீட்டுக்குள் பேசி ஒரே பெயராகச் சொல்லுங்கள் என்றது கட்சி. பேச்சு முடியாததால், மோகனூர்ப் பக்கம் குலதெய்வக் கோயிலில் பூ கேட்டார்கள். வெள்ளை வந்தால் வித்யா, சிவப்பு வந்தால் சித்தப்பா. இருவரும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். நேற்று வந்தது சிவப்பு.

"பொட்டலம் கட்டுனது யாரு?" என்றார் அப்புசாமி.

"பூசாரி தங்கமுத்துங்க. வெள்ளை அரளி ஒண்ணு, சிவப்பு ஒண்ணு, எல்லாருக்கும் காட்டுனாரு. மஞ்சத்தண்ணி தெளிச்சு வெத்தலையில மடிச்சு, ஆத்தா காலடியில போட்டாரு. ஒரு சின்னக் குழந்தை எடுத்துச்சு."

"இன்னொரு பொட்டலம்?"

"பிரிக்காம ஆத்துல உடறதுதானுங்க வழக்கம்."

"வெத்தலை யாருது?"

"எங்க ஊட்டுத் தட்டத்துல இருந்ததுங்க. தட்டம் ரொம்ப நேரம் மண்டபத்துல சும்மா கெடந்துச்சு. பக்கத்துலயே சித்தப்பா உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தாரு."

ரஞ்சனி நிமிர்ந்தாள். நேற்று பூ வந்ததும் கோயிலிலேயே எடுத்த ஒரு படத்தை வித்யா கைப்பேசியில் காட்டினாள். அம்மா ராமாத்தாள் ஆரத்தித் தட்டோடு நிற்க, நெற்றியில் மஞ்சள் பொட்டோடு தீனதயாளன் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்புசாமி படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு பூவின் இதழ் ஒன்றை நகத்தால் விலக்கிப் பார்த்தார்.

"ரஞ்சனி, வண்டியை எடு. வழியில ஒரு எலுமிச்சம்பழம் வாங்கோணும். பூசாரியையும் ஏத்திக்கலாம்."

வித்யாவின் வீட்டு வாசலில் கொடி கட்டிய கார் தயாராக நின்றது. முன்கூடமான ஆசாரத்தில் சலவை வேட்டியோடு தீனதயாளன் உட்கார்ந்திருந்தார். சுவரோரம் ராமாத்தாள்.

"ஏனுங்க இன்ஸ்பெக்டரு, ஜெயிச்ச பொறகுதான போலீசு வரும்? நான் இன்னும் மனுவே குடுக்கலீங்களே!"

அப்புசாமி பூவைத் தட்டில் வைத்து எலுமிச்சையைப் பிழிந்தார். சாறு பட்ட இடத்தில் சிவப்பு கலங்கி மஞ்சளானது. கழுவியதும் கீழிருந்து வெளுத்த இதழ் தெரிந்தது.

"இது வெள்ளை அரளி. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா சிவக்கும். புளிப்புப் பட்டா மறுபடி மஞ்சளாயிரும். வெத்தலைக்கு உள்பக்கம் யாரோ சுண்ணாம்பு தடவியிருக்காங்க. எந்தப் பொட்டலத்தைப் பிரிச்சாலும் சிவப்புதான்."

"கண்ணுல புரை உளுந்துருக்குதுங்க" என்றார் தங்கமுத்து. "வெத்தலை பிசுபிசுன்னு இருந்துச்சு. மஞ்சத்தண்ணின்னு நெனச்சுட்டேன்."

"சுண்ணாம்பு டப்பா உங்க மடியிலதான இருக்குது?" ரஞ்சனியின் விரல் தீனதயாளனை நோக்கி நீண்டது. அவர் முகம் கறுத்து எழுந்தார்.

"உக்காருங்க" என்றார் அப்புசாமி. "ரஞ்சனி, இவரு டப்பாவுல எடுத்திருந்தா வேற எங்கயும் சுண்ணாம்பு குறைஞ்சிருக்காது. அந்தப் படத்தைப் பாரு. பொட்டு என்ன நிறம்?"

ரஞ்சனி பார்த்தாள். காலையிலேயே பார்த்த படம்தான். ஆரத்தித் தண்ணீரை எடுத்து வைத்த பொட்டு சிவப்பாக அல்லவா இருக்க வேண்டும்? தட்டிலும் வெறும் மஞ்சள் தண்ணீர்.

"ஆரத்திக்குச் சுண்ணாம்பு போட எந்தப் பொம்பளையும் மறக்க மாட்டா. கோயிலுக்குக் கொண்டுவந்தது வெத்தலையில தடவியே தீர்ந்துபோச்சு. கொழுந்தன்கிட்டக் கேட்டு வாங்கப் பயம். இல்லீங்களாம்மா?"

ராமாத்தாள் மகளைக் காட்டிப் பேசினாள்.

"ஒருத்தனைத் துணியில சுத்திக் கொண்டாந்து இதே ஆசாரத்துல கெடத்துனாங்க. இருக்கறது இவ ஒருத்தி. ஆத்தா வேண்டாம்னு சொன்னாத்தான் இவ அடங்குவா. ஆத்தா சொல்லலைன்னா என்ன பண்றது? அதான் நான் சொன்னேன்."

மணி இரண்டை நெருங்கியது. தீனதயாளன் வாசலைப் பார்த்தார், காரைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"ஆத்தா குடுத்தது வெள்ளை. நானும் கற்பூரம் அணைச்சவன். கட்சிக்கு உம் பேரை நானே சொல்லிக்கறேன். வித்யா, கார்ல ஏறு."

வித்யா நகரவில்லை. "நீ வேண்டாம்னா நான் நிக்கலம்மா."

ராமாத்தாள் உள்ளே போனாள். மஞ்சள் தண்ணீர்த் தட்டோடு வந்து கொழுந்தனிடம் கையை நீட்டினாள். அவர் டப்பாவைத் திறந்து கொடுத்தார். ஒரு விரல் சுண்ணாம்பு தண்ணீரில் கரைந்தது. தட்டு சிவந்தது.

மகளுக்குச் சுற்றிப் பொட்டு வைத்தாள்.

"போயிட்டு வாரேம்மா."

"பொழுதுக்குள்ள ஊடு வந்து சேந்துரோணும், சாமி" என்றாள் ராமாத்தாள். "எந்நாளும்."