திறப்பு விழா சுவரொட்டியில் ஜெயம்

நான் பார்த்ததெல்லாம் பார்த்த வரிசையில்தான் நினைவில் இருக்கிறதா என்பது எனக்கு நிச்சயமில்லை. சுவரொட்டியை முதலில் பார்த்தபோது அதிலிருந்த கப்பல் ஊஞ்சலின் வலது முனைதான் மேலே தூக்கியிருந்தது என்று நினைக்கிறேன். சத்தியம் செய்யச் சொன்னால் செய்யமாட்டேன்.

திண்டிவனத்தில் எனக்கு ஃப்ளெக்ஸ் கடை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே மெஷினில்தான் வரும். செத்தவர்களுக்கு நல்ல படம் இருப்பதில்லை. ஏதாவது கல்யாணக் கூட்டத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும் உடம்பில் ஒட்டுவோம். ஆணுக்கு வெள்ளைச் சட்டை, பெண்ணுக்கு நீலப் பட்டுப்புடவை. இந்த வட்டாரத்துக் கல்லறைகளில் பாதிப் பெண்கள் அந்த ஒரே புடவையில்தான் இருக்கிறார்கள்.

கல்லறைத் திருநாளுக்குச் சில நாட்கள் முன்னால் ஆரோக்கியசெல்வி அக்கா கடைக்கு வந்தார். கிளியனூர்ப் பக்கம் கடலைக் கொல்லைகளில் மல்லாட்டை பிடுங்கப் போகிறவர். கூடவே அவருடைய அண்ணன் அலெக்ஸ். அப்பா அம்மா கல்லறையில் மாட்ட, தன் அக்கா ஜெயத்தின் படம் வேண்டுமாம்.

“படம் குடுங்கக்கா.”

“எங்கிட்ட இல்ல தம்பி. ஒலக்கூர் பக்கம் பூட்டிக் கெடக்குதே பார்க்கு, அங்க செவுத்துல இருக்குது.”

அந்தப் பூங்கா திறந்தபோது விளம்பரத்துக்காகப் பக்கத்து ஊர்ப் பெண்களைக் கப்பல் ஊஞ்சலில் உட்காரவைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். அதில் ஜெயமும் ஒருத்தி. அங்கேயே பெருக்கும் வேலையும் கிடைத்தது. ஒரு நாள் வீட்டுக்குத் திரும்பவில்லை. கப்பல் ஓட்டுகிறவனோடு ஓடிப்போய்விட்டாள் என்று மேனேஜரே வந்து சொன்னார். அப்பா நம்பினார். அதன்பிறகு வீட்டு ஜெபத்தில் அவள் பெயர் வரவில்லை.

கூட வேலை செய்த ஒருத்தி, சாகும் தறுவாயில், அதற்கு முந்தின மாதம்தான் செல்வி அக்காவிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். காலையில் கூட்டம் வருமுன் வேலைக்காரர்களை ஏற்றிக் கப்பலை ஓட்டிப் பார்ப்பார்களாம். அன்று பிரேக் பிடிக்கவில்லை. ஜெயம் “எறங்கணும், எறங்கணும்” என்று கத்தியிருக்கிறாள். கம்பி கழன்று, விழுந்து செத்துவிட்டாள். கப்பலுக்குக் கீழே இருந்த குழியில் உடலை அப்படியே போட்டு சிமெண்ட் ஊற்றிவிட்டு, கப்பல் ஓட்டியவனை வெளியூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

“எவளோ சாவற நேரத்துல ஒளறுனதுக்கு இவ ஆடறா,” என்றார் அலெக்ஸ். “ஜெயம் எங்கனா புள்ளகுட்டியோட நல்லா இருப்பா. நீ ஏன்டி அவள சாவடிச்சிக்கினு இருக்கற?”

“ஓடிப்போனவன்னு சொல்லிச் சொல்லி நீங்க சாவடிச்சது போதாதா?”

அலெக்ஸ் பூங்காவுக்கு வர மறுத்துவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சிவேளை. வேலிகாத்தான் முள் மண்டி வாசலை அடைத்திருந்தது. வாட்ச்மேன் தாண்டவராயன் விலக்கி வழிவிட்டார். உள்ளே துருவும் வௌவால் எச்சமும் கலந்த வாடை. முட்களுக்கு மேலே அந்தக் கப்பல், பெயிண்ட் உரிந்து, நடுவில் சங்கிலியால் கட்டப்பட்டுத் தொங்கியது.

“ஜல்தியா எடுத்துக்கினு கெளம்புங்க சார். இந்த நேரத்துல நான் உள்ள நிக்கறதில்ல.”

“பாம்பா?”

“பாம்புக்குதான் சம்பளம் குடுக்கறாங்க. மத்ததுக்குக் குடுக்கல.”

டிக்கெட் அறையில் வெயில் படாததால் சுவரொட்டி வெளுக்காமல் இருந்தது. ‘திறப்பு விழா! குடும்பத்துடன் வாரீர்!’ கப்பல் நிறையப் பெண்கள், சிரித்தபடி. கடைசி வரிசையில் இரட்டைச் சடை, கனகாம்பரம், கம்பியை இறுகப் பிடித்த இரண்டு கைகள்.

செல்வி அக்கா அந்த முகத்தை விரலால் தொட்டார்.

போனில் இரண்டு படம் எடுத்தேன். சரிபார்த்தேன்.

முதல் படத்தில் கப்பலின் வலது முனை மேலே இருந்தது.

இரண்டாவதில் இடது முனை.

நிமிர்ந்து சுவரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வெளியே இரும்பு கிறீச்சிட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. ஒரு இலைகூட அசையவில்லை.

தாண்டவராயன் அதற்குள் ரோட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

கடையில் முகத்தை வெட்டும்போது, அப்படியே கம்பி பிடித்த கையோடு முழுசாகப் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன்.

“அந்தக் கம்பி வேணாம் தம்பி. அத வுட்டுட்டு வரட்டும். பட்டுப்புடவையே போடு. அவ பட்டு கட்டினதே இல்ல.”

முகத்தை எடுத்துப் புடவையில் வைத்தேன். திரையில் மிச்சமிருந்த கப்பலில் இரண்டு கைகள் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தன.

கல்லறைத் திருநாள் அன்று சாயங்காலம் என்னையும் அழைத்திருந்தார்கள். சுண்ணாம்பு அடித்த கல்லறைகளும் சாமந்தி மாலைகளும் ஊதுவத்திப் புகையுமாக ஊரே அங்கே இருந்தது. அலெக்ஸ் கொஞ்சம் தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். செல்வி அக்கா சிலுவையில் படத்தை மாட்டி, மெழுகுவத்திகளை வரிசையாக ஏற்றினார்.

எல்லாச் சுடர்களும் ஒன்றாக வலப்பக்கம் சாய்ந்தன.

பிறகு ஒன்றாக இடப்பக்கம்.

பக்கத்துக் கல்லறையில் சுடர்கள் நேராக நின்றன.

அலெக்ஸ் கிட்ட வந்து, ஒரு சுடரைச் சுற்றிக் கையைக் குவித்தார். கைக்குள்ளேயும் அது சாய்ந்தது. படத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பட்டுப்புடவை அப்படியே இருந்தது. நெற்றிமுடி மட்டும் முன்னால் விழுந்தது. மெதுவாகப் பின்னால் போனது.

அவர் மண்டியிட்டார்.

“எறங்கு பாப்பா,” என்றார், பக்கத்தில் நின்ற எங்களுக்கு மட்டும் கேட்கும் குரலில். “அண்ணன் வந்துட்டேன். எறங்கிடும்மா.”

சுடர்கள் நேராக நின்றன.

அலெக்ஸ் படத்துக்கு இன்னும் கிட்டக் குனிந்தார்.

“கைய வுடு பாப்பா...”

சுடர்கள் மறுபடி சாய்ந்தன. இந்தத் தடவை இன்னும் தாழ்வாக, மெழுகைத் தொடும் அளவுக்கு.

அந்தக் குழியைத் தோண்டச் சொல்லி மனு கொடுத்தார்கள். பார்த்ததாகச் சொன்னவளே உயிரோடு இல்லை என்று அதிகாரிகள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பூங்கா மனைகளாக விலை போனது. கப்பலை அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். டிக்கெட் அறையைச் சுவரொட்டியோடு இடித்துத் தள்ளினார்கள். குழிக்கு மேல் இப்போது தார்ச்சாலை. தாண்டவராயன் விழுப்புரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். மேனேஜர் தன் கட்டிலில், பேரப்பிள்ளைகள் சூழ, தூக்கத்தில் செத்தார். அவருக்கு அஞ்சலி பேனர் என் கடையில்தான் அடித்தார்கள். அலெக்ஸ் குடித்துக் குடித்து அடுத்த மழைக்குள் போய்விட்டார். அவரை அப்பா அம்மா பக்கத்திலேயே புதைத்தார்கள். செல்வி அக்கா இன்னும் மல்லாட்டை பிடுங்கப் போகிறார். போன கல்லறைத் திருநாளில் அலெக்ஸுக்கு ஏற்றிய மெழுகுவத்தி நேராக எரிந்தது. ஜெயத்துக்கு ஏற்றியது சாய்ந்து சாய்ந்து எரிந்தது. ஜெயம் இறங்கவில்லை.