கீழே நூற்று நாற்பத்து நான்கு

படத்தின் கீழ் ஓரத்தில் கறுப்பாக ஏதோ இருந்தது. தலைமுடியின் மேல்விளிம்பு போல, ஒரு கோட்டின் அளவுக்கு. முஹ்சின் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். இருந்தது. சென்ற வாரம் இந்தப் படத்தை மாற்றி முடித்து, வழக்கம்போலத் தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் ஓடவிட்டுச் சரிபார்த்தபோது அது இல்லை. இல்லை என்றுதான் நினைத்தான். தான் பார்த்ததைத் தானே நம்பும் பழக்கம் அவனுக்கு எப்போதுமே குறைவு.

திருத்தங்கலில் பட்டாசுக் கம்பெனி முதலாளி நவநீதகிருஷ்ணனின் வீட்டு மாடியறை அது. விருதுநகரில் மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த முஹ்சினை, சனி, ஞாயிறுகளில் வரச்சொல்லி இந்த வேலையைக் கொடுத்திருந்தார். வீட்டிலிருந்த சினிமா சிடிக்களையும் விசேஷ வீட்டுக் கேசட்டுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதிலிருந்து ஒரு நீல வயர் படிக்கட்டு ஓரமாக இறங்கி, ஹாலில் டிவிக்கு அடியில் இருந்த சின்னப் பெட்டிக்குப் போனது. ரிமோட்டை அமுக்கினால் மாடியில் இருக்கும் படம் கீழே ஓடும். வருகிறவர்களிடமெல்லாம் அதைப் போட்டுக் காட்டுவதில் அண்ணாச்சிக்கு அவ்வளவு பெருமை.

அந்தப் பெருமைக்கு ஒரே ஒரு குறை. டிவி புதிது, அகலமானது. கேசட்டுப் படங்கள் பழைய சதுர வாக்கில் எடுத்தவை. ஓடவிட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது.

"ரெண்டு பக்கமும் எதுக்குலே எளவு வீட்டுத் துணிய தொங்க விட்டுருக்க?" என்று அண்ணாச்சி கேட்டார். "திரையை நெப்பு."

நிரப்ப வேண்டுமானால் மேலேயோ கீழேயோ வெட்ட வேண்டும். படத்தின் ஐந்நூற்று எழுபத்தாறு வரிகளில் நூற்று நாற்பத்து நான்கு போக வேண்டும். கம்பெனி ஆயுத பூசைப் படத்தில், எல்லாரும் சேர்ந்து நின்று கேமராவைப் பார்க்கும் கட்டத்தில், பாதிப் பாதியாக வெட்டினால் நடுவில் மாலையோடு நின்ற அண்ணாச்சியின் நெற்றி அறுந்தது. கீழே, தரையில், கம்பெனிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முஹ்சின் சிறிது நேரம் யோசித்தான். பிறகு மேலே பூஜ்யம் என்றும் கீழே நூற்று நாற்பத்து நான்கு என்றும் அடித்தான். அந்தப் பெண்கள் குசுகுசுவென்று பேசிச் சிரித்தது பூசை மணிச் சத்தத்தைக் கெடுத்தது. இரைச்சலைக் குறைக்கும் கட்டத்திலும் ஒரு டிக் போட்டான். மாற்றி முடிந்ததும், கம்ப்யூட்டரில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த மூலப் பதிவை அழித்தான். கேசட்டைக் காதுகுத்து வீட்டு வீடியோக்காரர் வாங்கிப்போய் அதன்மேலேயே பதிவு செய்துவிட்டார். எல்லாம் முறைப்படிதான் செய்தான். முறை தவறியதாக எந்த இடத்தையும் காட்ட முடியாது. அதுதான் அவனை இந்த ஒரு வாரமாகத் தூங்கவிடவில்லை.

ஏனென்றால், எல்லாம் அழிந்த மறுநாள் சோலையம்மாள் தேநீரோடு மாடிக்கு வந்தாள். அந்த வீட்டில் பெருக்கித் துடைக்கிற அம்மாள். அவள் மகள் பொன்னுத்தங்கம் அண்ணாச்சியின் கம்பெனியில் வெடிகளுக்கு மருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தவள். மாசியில் அந்த அறை வெடித்தபோது உள்ளே இருந்தாள். முகத்தைக் காட்டாமல்தான் உடலைக் கொடுத்தார்களாம்.

"பூசை அன்னைக்கு முன்னால தரையில உக்காந்து போட்டோவுக்குச் சிரிச்சேன்னு சொன்னா தம்பி. தலையில கனகாம்பரம் வச்சிருந்தா. ஒரே ஒருக்கா போட்டுக் காட்டுவீகளா? ஓட்டு அட்டையில இருக்கறது ஆந்தை கணக்கா இருக்கு, அது நான் இல்லேன்னு அவளே சண்டைக்கு வருவா."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். முஹ்சினுக்கு அந்தப் பெண்ணை நினைவிருந்தது. நீலச் சேலை, கனகாம்பரம், கேமராவைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவளை இடித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு. வெட்டும் கோட்டை இழுத்து இழுத்து அந்தச் சிரிப்பின் மேல்தான் நிறுத்தினான்.

"அதுல அவங்க இல்லம்மா" என்றான்.

"நல்லாப் பாத்தீகளா?"

"பாத்தேன்."

தேநீர் ஆறிவிடும், குடியுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

இன்று வீட்டார் குலசாமி கோயிலுக்குப் போயிருந்தார்கள். கீழே காவலுக்குச் சோலையம்மாள் மட்டும். இருட்டிக்கொண்டு வந்தது. பின் தெருவில் அச்சாபீஸ் மெஷின் தடக் தடக்கென்று ஓடிக்கொண்டிருந்தது, எங்கோ ஊருக்கு வெளியே புது வெடியைக் கொளுத்திப் பார்க்கும் சத்தம் தரைக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்து ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்துவிட்டுப் போயிற்று, காற்றில் எப்போதும் இருக்கிற கந்தக வாசனையோடு இன்று வாடிய பூவின் வாசனையும் கலந்திருந்தது.

கறுப்புக் கோடு மாற்றியதில் வந்த பிசகாக இருக்கலாம். கீழே இன்னும் பதினாறு வரிகளை வெட்டி மறுபடி மாற்றினான். முடியும்வரை திரையைப் பார்க்காமல் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓடவிட்டான்.

கோடு உயர்ந்திருந்தது. இப்போது அது கோடு இல்லை. எண்ணெய் தேய்த்து வாரிய தலைகள், வரிசையாக, உச்சி வகிடு தெரிகிற அளவுக்கு.

இன்னும் வெட்டினான். அண்ணாச்சியின் மாலை பாதியாயிற்று. தலைகள் இன்னும் மேலே வந்தன. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அண்ணாச்சியின் முகம் கட்டம் கட்டமாக மங்கிக்கொண்டே போக, அந்த முடிகள் மட்டும் இழை இழையாகத் தெளிந்தன. நெற்றி தொடங்க வேண்டிய இடத்தில் படம் முடிந்தது. ஒரு தலையின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் கனகாம்பரம்.

ஹெட்போனில் பூசை மணி அடித்தது. அதற்கு அடியில் குசுகுசுப்பு. அவன் அழித்த குசுகுசுப்பு.

கழற்றி மேஜைமேல் வைத்தான்.

குசுகுசுப்பு நிற்கவில்லை. கீழேயிருந்து வந்தது.

படிக்கட்டில் விளக்கு இல்லை. நீல வயர் ஓடிய சுவரைத் தடவிக்கொண்டே இறங்கினான். வயர் வெதுவெதுப்பாக இருந்தது. ஹாலில் டிவி வெளிச்சம் மட்டும். ரிமோட்டைத் தொடவே பயப்படும் சோலையம்மாள் டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். முதுகுதான் தெரிந்தது. திரையில் அண்ணாச்சியும் மற்றவர்களும் அசையாமல் நின்று சிரித்தார்கள். கீழ் ஓரத்தில் தலைகளின் வரிசை.

அதற்குக் கீழே டிவியின் கறுப்புச் சட்டம்.

சட்டத்துக்குக் கீழே சின்னப் பெட்டி இருக்க வேண்டும். மரப் பலகை இருக்க வேண்டும்.

தோள்கள் இருந்தன.

சேலைகள். மடிகள். மடியில் கோத்துவைத்த கைகள். சுவர் நெடுக, சம்மணமிட்டு, தோளோடு தோள் இடித்துக்கொண்டு. நகக்கண்ணெல்லாம் அலுமினியப் பொடியின் வெள்ளி. மூச்சில் ஏறி இறங்கின தோள்கள்.

முஹ்சின் நகரவில்லை.

நீலச் சேலை. அதன் கையை எடுத்துச் சோலையம்மாள் தன் கன்னத்தில் வைத்திருந்தாள். மற்றொரு கையால் தோளைத் தடவினாள். கழுத்தைத் தடவினாள். கை இன்னும் மேலே போயிற்று. தாடை இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் சட்டம். விரல்கள் அதன்மேல் இங்கும் அங்கும் போயின. மேலே முடியைத் தொட்டன. மறுபடி இறங்கின. அங்கே சட்டம்தான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"இருக்கால்ல தம்பி" என்றாள். "கை சுடுது பாருங்க. மூஞ்சிய மட்டும் எங்கன வச்சீக?"

குசுகுசுப்பு நின்றது. மடிகளிலிருந்து கைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. மெதுவாக உயர்ந்தன. வரிசை முழுவதும், வெள்ளி பூத்த விரல்களால், தங்கள் தங்கள் கழுத்துக்கு மேலே தடவித் தேடத் தொடங்கின.