உளுந்து பரப்பிய ரோடு

காரில் இருந்தது மூன்று பேர். ஓட்டும் இடத்தில் ஷஹ்பாஸ், இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. பக்கத்தில் தங்கை சபிஹா. பின்சீட்டில் இடது ஓரமாக உம்மா சைத்தூன் பீவி, மடியில் எக்ஸ்ரே கவர். உம்மாவுக்கு வலதுபக்கம் காலி. அந்தக் காலி இடத்துப் பக்கம்தான் வண்டி சாய்ந்து வந்தது.

சவூதியில், தமாமிலிருந்து வாப்பா அனுப்பிய பணத்தில் வாங்கிய பழைய சிவப்பு ஜென் கார். முன்பு வைத்திருந்தவன் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தி, பின்னால் இறக்கை பொருத்தியிருந்தான். முதல் மாதம் காலேஜே திரும்பிப் பார்த்தது. இப்போது சனிக்கிழமைதோறும் உம்மாவைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் முத்துப்பேட்டைக்குத் திரும்புவதில் அவனுக்கு முதுகு விட்டுப்போயிருந்தது.

சாய்வு தொடங்கியது திரும்பும் வழியில், வடுவூர் தாண்டி. போகிற வண்டிகள் மிதித்துக் கொடுக்கட்டும் என்று ரோடு நெடுக உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். வேலை செய்த பெண்கள் சிலர், வெயிலுக்கு ஒரு கை செடியை முகத்தில் போட்டுக்கொண்டு ரோட்டோரச் செடிமேலேயே கண்ணயர்ந்திருந்தார்கள். அடி உரசுமே என்று ஷஹ்பாஸ் தயங்கினான்.

"ஏறிப் போ தம்பி, ஒன் செவப்பு வண்டி என்ன கரைஞ்சா போவும்?" என்று ஒருத்தி சிரித்தாள்.

ஏற்றினான். காய்கள் நொறுநொறுவென்று வெடிக்க, சூடான தூசியும் செடி வாடையும் ஜன்னல் வழியே உள்ளே புக, நடுவில் ஓரிடத்தில் வண்டி மெத்தென்று ஏறி இறங்கியது. முன் சக்கரம். பிறகு பின் சக்கரம்.

"காக்கா, என்னமோ ஏறுச்சு" என்று சபிஹா அண்ணனைப் பார்த்தாள்.

"செடிக் கட்டு. பேசாம வா."

கண்ணாடியில் பார்த்தான். சிரித்தவள் இப்போது குனிந்து யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிறுத்தியிருக்கலாம். படிப்பு முடிந்தால் விசா எடுத்துத் தருவதாக வாப்பா சொல்லியிருந்தார். போலீஸ் கேஸ் என்றால் பாஸ்போர்ட்டே வராது. கால் தானாக அழுத்தியது.

வீட்டுக்கு வந்ததும் உம்மாவும் சபிஹாவும் உள்ளே போனார்கள். அவன் வண்டிக்கு அடியில் படுத்து, சக்கரத்தில் சுற்றியிருந்த கொடியை உருவினான். சருகு, மண், கருகிய வாடை. அதற்கும் அடியில் தேங்காய் எண்ணெய் வாடை. விரலில் சிக்கியது கொடியில்லை. நீளமாக வந்தது. வந்துகொண்டே இருந்தது.

முகத்துக்கு மேலே பின்சீட் கிரீச்சிட்டது. ஊர்ந்து வெளியே வந்து ஜன்னலில் எட்டினான்.

யாரும் இல்லை. பார்த்தான். யாருமே இல்லை. வலதுபக்க மெத்தை மட்டும் அமுங்கியிருந்தது.

மறுநாள் காலை பக்கத்துத் தெரு ஹாஜா மைதீன் தமாமுக்குப் புறப்பட்டார். ஊரிலிருந்து யார் போனாலும் வாப்பாவுக்குக் கடிதம் கொடுத்தனுப்புவார்கள். ஆளுக்கு ஒரு வரி. நடந்ததை எழுதிவிடுவது என்று ராத்திரி முழுக்க நினைத்திருந்த ஷஹ்பாஸ், பேனா பிடித்ததும் எழுதினான்: 'வண்டி நன்றாக ஓடுகிறது.' சபிஹா ஒரு வரி. உம்மா சொல்லச் சொல்ல சபிஹாவே இன்னொரு வரி.

"தம்பி, ஹாஜா மாமா வண்டி வந்துருச்சு. ஒட்டிக் குடு" என்றாள் உம்மா.

மடிக்கப் போனவன் நின்றான். உம்மாவின் வரிக்குக் கீழே, சாய்ந்த பெரிய எழுத்தில், அழுத்தி எழுதிய மேலும் ஒரு வரி.

'நான் உங்கள் பிள்ளை வண்டியில் பின்சீட்டில் இருக்கிறேன். முதுகுதான் நிமிரவில்லை. மற்றவை நலம்.'

கிழித்திருக்கலாம். தெம்பில்லை. தன்னால் எழுத முடியாததை யாரோ எழுதிவிட்டதில் ஒரு அசதியான நிம்மதிகூட வந்தது. மடித்து உள்ளே போட்டான். சோற்றுப் பருக்கை தேய்த்தான். வாசலுக்குப் போய், ஒட்டு பிடிக்கும்வரை இரண்டு கட்டைவிரலாலும் கவரை அழுத்தினான்.

நடுவில் மூன்றாவதாக ஒரு விரலும் அழுத்திக்கொண்டிருந்தது. நகத்தில் மண்.

கார் ஜன்னலிலிருந்து ஹாஜா மைதீன் கையை நீட்டினார். கொடுத்தான்.