வெண்டல் கேட்ட எலும்பு

எலும்பு வேண்டும். சூடாக.

கம்ப்யூட்டர் திரையின் அடியில் மஞ்சள் எழுத்தில் ஓடிய அந்த வரியை லீலண்ட் இரண்டு முறை படித்தான். எலும்பு கேட்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. குள்ளர்களின் கோட்டை ஒன்றை ஆளும் இந்த விளையாட்டில் அந்தக் குள்ளர்களுக்கு அவ்வப்போது பித்துப் பிடிக்கும். ஏதாவது ஒரு பட்டறைக்குள் புகுந்துகொண்டு கல் கொண்டுவா, மரம் கொண்டுவா, எலும்பு கொண்டுவா என்று அடம்பிடிப்பார்கள். கேட்டது கிடைத்தால் அபூர்வமாக எதையாவது செய்து முடிப்பார்கள், கிடைக்காவிட்டால் வெறிபிடித்துக் கண்ணில் பட்டவர்களையெல்லாம் அடித்துக் கொல்வார்கள். ஒன்பது வருடமாக ஆடுகிறவனுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் 'சூடாக' என்று எந்தக் குள்ளனும் கேட்டதில்லை. ஓட்டலில் சூப்பா ஆர்டர் செய்கிறான்?

பித்துப் பிடித்தவன் பெயர் வெண்டல். நிஜ வெண்டல் இரண்டு தெரு தள்ளி, பியூட் நகரத்து மலைமேட்டில், மூடிப்போன செம்புச் சுரங்கத்தை ஒட்டிய வீட்டில் தனியாக இருக்கிறான். அவனும் லீலண்டும் ஸ்போக்கன் நகரத்து ரோஸ்கோவும் ஒரே கோட்டையை முறைவைத்து ஆண்டார்கள். விளையாட்டில் ஒரு வருடம் முடிந்ததும் ஃபைலை அடுத்தவனுக்கு அனுப்பிவிட வேண்டும். ஆளுக்கொரு குள்ளனுக்குத் தன் பெயரைச் சூட்டிக்கொள்வது வழக்கம். லீலண்ட், கொத்தனுக்குத் தன் பெயரையும் வைத்தியச்சிக்கு மனைவி கொரினின் பெயரையும் வைத்திருந்தான்.

நேற்று ஃபைலை அனுப்பியதிலிருந்து வெண்டல் ஃபோனை எடுக்கவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் கொரின், அடுப்பிலிருந்து எடுத்த இறைச்சி பொதிந்த இரண்டு பேஸ்டி அப்பங்களைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

"அந்த மனுஷன் சாப்பிட்டானோ என்னவோ. போய்ப் பாத்துட்டு வரேன்."

"இந்தப் பனியிலயா? இரு, நானும் வரேன்."

"நீ வந்துட்டா உன் எம்பது குள்ளனுங்களுக்கு யாரு பொறுப்பு? உக்காரு ராசா, உக்காரு."

அவன் உட்கார்ந்துவிட்டான்.

மணி நாலுதான். அதற்குள் ஜன்னலில் வெளிச்சம் சாம்பலாகியிருந்தது. கண்ணாடியில் பனி உரசும் சத்தமும், கணப்பில் கட்டை வெடிக்கும் சத்தமும், எங்கிருந்து வருகிறதென்று சொல்ல முடியாத ஈரச் சுண்ணாம்பு வாசனையும் அறையில் நிரம்பியிருந்தன. லீலண்ட் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். கிடங்கில் ஆட்டெலும்பு நாற்பது இருந்தது. தடை எதுவும் போடவில்லை. வழி திறந்தே இருந்தது. இருந்தும் அந்தக் குள்ளன் எழுந்துவரவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

இதற்கு ஒரே வைத்தியம்தான் உண்டு, அதைச் சட்டமாகப் போட்டவனே லீலண்ட்தான். ஒருத்தனுக்காக எண்பது பேரைச் சாகக் கொடுக்கக் கூடாது. பித்து தெளியாதவனை உள்ளே வைத்துச் சுவர் எழுப்பிவிட வேண்டும். பட்டறை வாசலைக் குறித்துக் கொடுத்தான். கொத்தன் லீலண்ட் வந்தான், மூன்று கல் வைத்தான், தன் படுக்கையறைக்குத் தூங்கப் போனான்.

அப்பாடா என்று சாய்ந்த பிறகுதான் பட்டறைக்குள் இருப்பவர்களின் பட்டியலைத் திறந்தான். முதலில் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

வெண்டல்.

கொரின். வேலை: சாப்பாடு கொண்டுபோதல்.

ஃபோன் அடித்தது.

"லீலண்ட், இந்தக் கூத்தைக் கேளேன்." கொரின்தான். "வெண்டல் வீட்டு நிலவறையில நிக்கிறேன். கூப்பிடக் கூப்பிட முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்கான். சரி, கிளம்பலாம்னு திரும்புனா, வந்த கதவைக் காணோம்."

"காணோம்னா?"

"கல்லுப்பா. மூணு கல்லு. சாந்து இன்னும் ஈரமா கையில ஒட்டுது. ரெண்டு பேரும் சேந்து என்னைய வெச்சு வெளையாடுறீங்களா? வெண்டல்... ஐயோ வெண்டல், அந்தச் சுத்தியலக் கீழ..."

லீலண்டின் கட்டைவிரல் தானாகவே ஸ்பேஸ் பாரை அழுத்தியது. விளையாட்டு நின்றது.

ஃபோனும் நின்றது. தொடர்பு அறுபடவில்லை. ஃபோன் திரையில் ஓடிக்கொண்டிருந்த அழைப்பின் நொடிக்கணக்கு நாற்பத்தொன்றில் அப்படியே நின்றுவிட்டது. இழுத்த மூச்சை அவள் விடவில்லை.

"கொரின்? கொரின்!"

ஓடலாம், இரண்டே தெரு, கடப்பாறையால் சுவரை உடைக்கலாம் என்று கதவுக்குப் பாய்ந்தான். கதவு திறந்தது. ஆனால் வாசற்படியைத் தாண்டக் கால் எழவில்லை. தள்ளிப் பார்த்தான், தொடையைக் கையால் தூக்கிப் பார்த்தான். திரையில் கொத்தன் லீலண்டும் தன் படுக்கையறையில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றிருந்தான்.

திரும்பி வந்தான். சுவரை இடிக்க உத்தரவு போட்டான். கொத்தன் சுவரிலிருந்து அறுபத்திரண்டு அடி தள்ளி இருந்தான். வெண்டல் கொரினிடமிருந்து ஓரடி தள்ளி இருந்தான்.

நேரத்தை ஓடவிடாமல் ஒவ்வொரு அடியாக நகர்த்த ஒரு பொத்தான் உண்டு. அதைத் தட்டினான்.

வெண்டல் சுத்தியலால் கொரினின் இடது கையில் அடிக்கிறான். எலும்பு நொறுங்குகிறது.

ஃபோனில் காய்ந்த சுள்ளி முறிவதுபோல் ஒரு சத்தம். நாற்பத்திரண்டு. அமைதி.

கொத்தன் ஓரடி வந்திருந்தான்.

இன்னொரு தட்டு. வெண்டல் கொரினின் முழங்காலில் அடிக்கிறான். கால் மடங்குகிறது. அவள் விழுகிறாள்.

"லீல..."

நாற்பத்து மூன்று. மிச்சம் அறுபதடி. இன்னொரு தட்டுக்கு அவன் விரல் வரவில்லை. கையைக் கடித்துக்கொண்டு அழுதான்.

ரோஸ்கோவுக்கு இந்தக் கோட்டையில் தெரியாத தந்திரமில்லை. ஃபைலை அவனுக்கு அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டர் வழியாகவே அழைத்தான்.

"வருஷம் முடியலியேடா, அதுக்குள்ள என்கிட்ட தள்ளிட்ட?" ரோஸ்கோ எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"ரோஸ்கோ, கேளு. பட்டறைக்குள்ள கொரின் இருக்கா. குள்ளச்சி இல்லடா, என் கொரின். நிஜமாவே. நேரத்தை ஓடவிடாத. முதல்ல அவளை வெளிய எடு. உன் கால்ல விழறேன்."

"ஆஹா, நல்லா கத விடுற! அழுகையெல்லாம் தத்ரூபமா இருக்குதே."

"ஓடவிடாதடா!"

"ஓட்டாம எப்பிடிடா காப்பாத்துறது, லூசு?"

ஃபோனில் நொடி ஓடத் தொடங்கியது. நாற்பத்து நாலு. ஐம்பது. எழுபது. வேகமாக. மிக வேகமாக. சுத்தியல் விழுந்தது. மறுபடி விழுந்தது. உலர்ந்த சத்தம் ஈரமான சத்தமாயிற்று. அவள் ஒரே ஒரு தடவை அலறினாள், அவன் பெயரைச் சொல்லி. பிறகு சுத்தியல் மட்டும்.

லீலண்ட் எழுந்தான். கால் வந்தது. கணப்பருகே விறகுக்கோடாலி. எடுத்தான். கொல்லணும். வெண்டலைக் கொல்லணும். வேறு நினைப்பில்லை.

"ப்ச், வைத்தியச்சி போயிட்டாடா," என்றான் ரோஸ்கோ, பின்னால் கம்ப்யூட்டரிலிருந்து. "அட, உன் கொத்தனப் பாரு! அவனுக்கும் வெறி ஏறிருச்சு. சுவரை இடிக்கப் போகாம படுக்கையறையிலயே கோடாலியோட நிக்கிறான். வெளிய விட்டா ஒருத்தன் மிஞ்ச மாட்டான்."

நாலே பாய்ச்சல். கதவு.

"நீ ஒண்ணும் கவலப்படாத. உன் சட்டந்தான். அடைச்சுட்டேன். கோட்டை பத்திரம்."

கதவை இழுத்துத் திறந்தான்.

கல்.

இடுப்பளவு ஒன்று. அதன்மேல் இன்னொன்று. சாந்து வழிந்துகொண்டிருந்தது. மேலே ஒரு தலை மட்டும் நுழையும் இடைவெளி. கோடாலியை ஓங்கி அடித்தான். பொறி பறந்தது. கல்லில் கீறல்கூட விழவில்லை.

மேசைமேல் ஃபோனில் சுத்தியல் நின்றிருந்தது. யாரோ மூச்சு வாங்கினார்கள். நேற்றிலிருந்து வாய் திறக்காத வெண்டல், நிறைந்த மனசோடு, மெல்லச் சொன்னான்.

"சூடாத்தான் இருக்கு."

இடைவெளியில் இரண்டு குட்டைக் கைகள் மூன்றாவது கல்லை வைத்தன. ஒரு விரல் மட்டும் உள்ளே நீண்டு, பிதுங்கிய சாந்தை வழித்துவிட்டுப் போனது.