எச்சில் படாத குவளை

"உதடு பதியவில்லை. இன்ஹேலர் திறக்காது" என்றது காவற்குவளை.

அப்போதுதான் கொப்பளித்துத் துப்பியிருந்த தாயுமானவனுக்கு ஆத்திரமாக வந்தது. முந்தாநாளிலிருந்து இதே பாட்டு. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து வாயில் தங்கினால் வெண்பூஞ்சை படரும் என்பதால், ஆபத்துப் பிரிவினர் அத்தனை பேர் வீட்டுக்கும் இந்தக் குவளை வந்திருந்தது. கொப்பளிப்பவரின் எச்சிலை விளிம்பில் வாங்கிச் சோதித்து, சுத்தம் என்றால்தான் அடுத்த வேளை மருந்தைத் திறந்துவிடும். இதைச் செய்தவன் அண்ணாந்து குடிக்கும் மனிதர்களைக் கண்டதே இல்லை போலும். தாயுமானவன் மனைவி குடித்த டம்ளரைக்கூடக் கழுவாமல் தொடாதவர். பழகும்வரை விட்டுக்கொடுத்த குவளை இப்போது கறாராகிவிட்டது.

நெஞ்சு இறுகியது. வீட்டுச் சுவர்கள் நாலும் விலாவுக்குள் வந்து நின்றுகொண்ட மாதிரி இருந்தது.

"ஒரு தடவ வாய வெச்சாத்தான் என்னங்க? உசுர விடவா ஆச்சாரம் பெருசு?" என்றாள் மனைவி குமுதவல்லி.

"கொமட்டுது குமுதா... முடியல."

அவளுக்குப் பொறுக்கவில்லை. குவளையைப் பிடுங்கித் தானே உதடு பதித்துக் கொப்பளித்தாள். விளிம்பு சிவந்தது.

"வெண்பூஞ்சை உள்ளது. குணமாகும்வரை இன்ஹேலர் பூட்டப்படுகிறது."

அவர் திகைத்தார். "உனக்கு வாய் எரியுதா?"

"கொஞ்ச நாளாவே எரியுது. காரம் ஒத்துக்கலன்னு நெனச்சேன். இப்ப அதுவா முக்கியம்?"

மூச்சு விசிலடித்தது. இனி வேறு வழியில்லை. ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் விளிம்பு தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் எச்சில் எச்சில்தானே. கண்ணை மூடிக்கொண்டு, அவள் வாய் வைத்த இடத்திலேயே உதட்டைப் பதித்துக் கொப்பளித்தார். குமட்டவில்லை. உயிர்ப்பயத்தில் குமட்டலெல்லாம் எங்கோ போய்விட்டது.

"சுத்தம். முந்தைய முடிவு பிழை. நீக்கப்பட்டது."

இன்ஹேலர் திறந்தது. மருந்தை இழுத்து, மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் குமுதவல்லியை ஜன்னலோரம் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னார். நாக்கெல்லாம் தயிர் படிந்தாற்போல வெள்ளை. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய்க்குள் அவர் பார்த்தது அன்றுதான். வெட்கமாக இருந்தது.

"அது பிழையில்ல!" என்று குவளையிடம் கத்தினார். "இவளுக்குத்தான் பூஞ்சை. டாக்டருக்குச் சொல்லு!"

"ஆபத்துப் பிரிவில் இல்லாதவருக்கு வெண்பூஞ்சை வராது" என்றது குவளை. "மருந்து எடுத்துள்ளீர்கள். தயவுசெய்து கொப்பளிக்கவும்."