காற்றுக் கூடாரத்துக்குள் கார்

டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் மட்டும், உள்பக்கமாக ஆவி படிந்திருந்தது.

ஈரோ கராஜ் வாசலிலேயே நின்று பார்த்தான். காலையிலிருந்து சுப்பீரியர் ஏரிப் பக்கமிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. கராஜுக்குள்ளேயே குளிர் எலும்பைக் குடைந்தது. நடுவில், இடத்தை முழுக்க அடைத்துக்கொண்டு, கார்களை மூடி வைப்பதற்கென்றே விற்கும், உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் கூடாரம் புடைத்து நின்றது. ஒரு சின்ன மின்விசிறி ராப்பகலாக அதற்குள் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். அது ஊதும் வரைதான் கூடாரம், நின்றுபோனால் வெறும் விரிப்பு. உள்ளே செத்துப்போன அண்ணன் வெய்க்கோவின் கறுப்புக் கார் இருந்தது. காரில் யாரும் இல்லை. அப்புறம் ஆவி எங்கிருந்து வந்தது?

"இன்னைக்கே போய் அதை நோண்டணுமா?" பின்னால் சமையலறைக் கதவிலிருந்து மனைவி ஹெல்மி கேட்டாள். "சௌனாக் குளியலுக்கு விறகு மூட்டியாச்சு."

"மாசம் ஒரு தடவை எஞ்சினைக் கையால சுத்தி விடணும் ஹெல்மி. இல்லேன்னா உள்ள பிஸ்டன் ஒட்டிக்கும். வெய்க்கோவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்ல."

"அவன் செத்தப்புறம் குடுத்த வாக்கு. அவன் காதுல விழுந்துச்சாமா? அந்தக் காருக்குப் பண்ற சேவையில பாதி எனக்குப் பண்ணியிருந்தா நான் ராணி மாதிரி இருந்திருப்பேன்." சிரித்துக்கொண்டே கதவை இழுத்தாள். "காபி போடறேன். ஏலக்காய் போட்ட நிசு ரொட்டி சூடா இருக்கு. வரலேன்னா நானே தின்னுடுவேன்."

குளிர்காலத்தில் மூடி வைத்த காரைக் கிளப்பக் கூடாது என்பது இந்த ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பத்து நிமிஷம் ஓட்டி நிறுத்தினால் எஞ்சின் முழுசாகச் சூடேறாது, உள்ளே தண்ணீர்தான் கோக்கும். வெய்க்கோவுக்கும் தெரியும். ஆனாலும் அந்த உறுமலைக் கேட்காமல் ஒரு குளிர்காலத்தைக் கழிக்க அந்த மனுஷனால் முடியாது. போன வருஷம் கராஜ் கதவைத் திறந்து வைத்துத்தான் கிளப்பினான். கூரைப் பனி மொத்தமாகச் சரிந்து கதவை அடைத்தது. ஆள் உள்ளே உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்திருப்பான், பாவி. புகை சத்தமில்லாமல் வேலையை முடித்துவிட்டது.

அதனால் ஈரோ ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பேட்டரி நிலவறையில். புகைக்குழாய்களில் எலி புகாதபடி துணி அடைப்பு. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஓட்டைகளில் எண்ணெய் விட்டாயிற்று. நினைத்தாலும் இந்தக் காரைக் கிளப்ப முடியாது.

காரின் பெயிண்டில் கீறல் விழக் கூடாதென்று ஜாக்கெட்டையும், கத்தி தொங்கும் பெல்ட்டையும், கல்யாண மோதிரத்தையும் கழற்றி ஆணியில் மாட்டினான். கூடாரத்தின் ஜிப்பைத் திறந்து உள்ளே நுழைந்து, காற்று போய்விடாதபடி மறுபடி இழுத்து மூடினான்.

உள்ளே விசிறியின் இரைச்சல் காதை அடைத்தது. எண்ணெயும் ரப்பரும் கலந்த பழைய வாசனை. அதற்கடியில் இன்னொன்று, இனிப்பாக, லேசாக. எஞ்சினை மூடியிருந்த பானட்டில் உள்ளங்கையை வைத்தான்.

சூடாக இருந்தது.

எல்லாம் மனப்பிரமை என்று தனக்கே சொல்லிக்கொண்டு பானட்டைத் தூக்கி, எஞ்சின் முன்னாலிருந்த பெரிய போல்ட்டில் நீண்ட ஸ்பேனரை மாட்டி அழுத்தினான். பிளக் இல்லாத எஞ்சின் எப்போதும் வெண்ணெயாகச் சுற்றும். இன்றும் சுற்றியது. அரைச் சுற்று வந்ததும் நிறுத்தினான்.

ஸ்பேனர் நிற்கவில்லை.

கையிலிருந்து மெல்ல நழுவி, தானாக மேலே போய், கீழே வந்தது. இன்னொரு சுற்று. பிளக் ஓட்டைகள் ஒவ்வொன்றாக மூச்சை இழுத்து விட்டன. நீலப் புகை எழுந்து பிளாஸ்டிக்கின் உள்பக்கமெங்கும் படிந்தது. ஈரோ இருமினான். தூக்கிய பானட்டுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், டிரைவர் கதவு திறந்தது.

தரை விரிப்பில் ஷூ ஓசை. அவசரமே இல்லாத நடை.

ஜிப் திறந்தது. ஜிப் மூடியது.

பானட்டைச் சுற்றி ஓடினான். ஜிப்பைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. வெளியே யாரோ கெட்டியாகப் பிடித்திருந்தார்கள். மங்கிய பிளாஸ்டிக்குக்கு அந்தப் பக்கம் உயரமான உருவம். இடது தோள் கொஞ்சம் சரிந்த நிற்பு. முப்பது வருஷம் பக்கத்தில் நின்று பழகிய நிற்பு. ஜிப்பில் எதையோ செருகிவிட்டு அது ஆணிப் பக்கம் போனது. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டது. பெல்ட்டை இறுக்கியது. கடைசியில், பொறுமையாக, மோதிரத்தை விரலில் திருகி ஏற்றியது.

"வெய்க்கோ! டேய், வெளிய விடுடா!"

தடித்த பிளாஸ்டிக். நகம் பெயர்ந்ததே தவிர கிழியவில்லை. ஸ்பேனரைப் பிடுங்கக் கையை நீட்டினான். அது கண்மூடித்தனமாகச் சுழன்று புறங்கையில் அடித்தது. எலும்பு உடைந்த வலியில் முழங்காலில் விழுந்தான்.

சமையலறைக் கதவு திறந்தது. வெளிச்சம். ஹெல்மி.

அவளைப் பார்த்ததும் அவனுக்கு உயிர் வந்தது. "ஹெல்மி! இங்க! உள்ள இருக்கேன்!" பிளாஸ்டிக்கை அடித்தான், உதைத்தான். புகை தொண்டையை அரித்தது. வந்தது குரல் இல்லை, வெறும் கரகரப்பு.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள், ஜாக்கெட் போட்டிருந்தவனிடம்.

"முடிஞ்சுது," என்றது ஈரோவின் குரல். அச்சு அசல் அவன் குரல்.

"கையைப் பாரு, ஐஸ் கட்டி மாதிரி."

"வெளிய வந்துட்டேன்ல. சூடாயிடும்."

ஹெல்மி கூடாரத்தைப் பார்த்தாள். உள்ளே வெள்ளைப் பஞ்சாகப் புகை. நெற்றியைச் சுருக்கினாள். ஈரோ நெற்றியைப் பிளாஸ்டிக்கில் அழுத்தினான். ரெண்டே எட்டில் அவள். பார்த்துவிடு. பார்த்துவிடு கண்ணே.

"அந்த விசிறி ஏன் இப்படிக் கத்துது?" என்றாள். "யாரோ அழற மாதிரி இருக்கு. கொஞ்சம் நிறுத்தேன்."

"நிறுத்திட்டா போச்சு."

இரைச்சல் அடங்கியது. விளக்கும் அணைந்தது. கதவு சாத்திக்கொண்டது.

இருட்டில் எஞ்சின் மட்டும். நிதானமாக. ஒரே சீராக.

கூரை இறங்க ஆரம்பித்தது. பானட்டில் படிந்தது. கண்ணாடியில் படிந்தது. தலையில். தோளில். குளிர்ந்த, ஈரமான பிளாஸ்டிக், முகமெங்கும். உடைந்த கையால் தள்ளினான். இன்னொரு மடிப்பு வந்து விழுந்தது.

சமையலறையில் ஹெல்மி எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள்.

ஈரோ மூச்சை இழுத்தான். பிளாஸ்டிக் வாய்க்குள் வந்தது.